துவக்கில் பூட்டாத விளக்கு

என் மகள் வேட்டைக்காரி. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உண்மையாவோ அண்ணை?" என்று கேட்பார்கள். உண்மைதான்.

ஜேர்மனியில் வேட்டைக்கும் படிக்க வேண்டும். மிருகங்களின் பல், பறவைகளின் இறகு, சுடுகிற துவக்கு, சட்டம், நாய்க்கு வரும் நோய் வருத்தங்கள், எல்லாம் படித்துச் சோதனை எழுத வேண்டும். அவள் எழுதினாள். முதல் தரத்திலேயே பாஸ். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவளுடைய புத்தகத்தில் படம் மட்டும் பார்த்தேன்.

அவள் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். பகலில் பூனைக்கு ஊசி போடுகிறவள் மாலையில் எப்படித் துவக்குத் தூக்குவாள் என்று என் மனைவி கேட்டாள்.

"அது வேற, இது வேற அம்மா."

"என்ன வேற? ரெண்டும் வாலுள்ளதுதானே."

லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. இங்கே ஒவ்வொரு காட்டுக்கும் வயலுக்கும் வேட்டை உரிமை வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் விடாமல் கால் வைக்க முடியாது. மகள் ஒரு வருடத்துக்கு மேல் இடம் தேடினாள். எல்லாரும் மரியாதையாகத்தான் இல்லை என்றார்கள். லைசென்ஸ் அவளுடைய பையில் சும்மா கிடந்தது. அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் பண்ணை வைத்திருக்கும் ஒரு கமக்காரர் தன் நாயைக் கொண்டு வைத்தியரிடம் வந்தார். ஹம்பேர்க்கிலிருந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் அவருடைய ஊர். வாத்து வளர்க்கிறார், அந்தக் காணியில் வேட்டை உரிமையும் அவரிடம்தான். கழுத்து நீண்ட பெரிய வெள்ளை வாத்துகள். கிறிஸ்மஸுக்கு இங்கே அதைத்தான் சனம் அடுப்பில் வாட்டித் தின்னும். நாயின் காலில் முள் ஏறியிருந்தது. மகள் நாயைப் பிடித்துக்கொண்டே அவரிடம் கேட்டுவிட்டாள், உங்கள் காணியில் வேட்டைக்கு விடுவீர்களா என்று. நாயின் கால் அவள் கையில் இருக்கும்போது அவர் என்ன சொல்லுவார். வந்து பார் என்றார்.

அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். ஆள் நெடுவல். வயது எழுபதுக்குக் கிட்ட. என்னைப் போல் அதிகம் பேசாதவர். நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு வசனம் வரும். அவர் பேசுவது டொச், ஜேர்மன் மொழி. டொச் பேசுகிற எல்லாரையும் நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஒரு நரி என்ர வாத்துகளைத் தின்னுது," என்றார். "கிறிஸ்மஸுக்கு முதல் அதைச் சுட்டு எடுத்துக் காட்டு. காட்டினா ஆத்தங்கரைப் பக்கம் முழுக்க வேட்டை உரிமை உனக்கு எழுதித் தாறன், வாற வருசங்களுக்கும் சேர்த்து. இல்லாட்டி என்ர மருமகனுக்கு. அவன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

"காட்டுறன்," என்றாள் மகள்.

"சனிக்கிழமை நானும் சிநேகிதரும் வேட்டைக்கு இருப்பம். ஞாயிறு என்ர காணியில வெடிச் சத்தம் கேக்கக்கூடாது. என்ர அப்பர் காலத்துப் பழக்கம். மற்ற நாளில வா."

ஆற்றங்கரைப் பக்கம் என்றால் ஒரு புல்வெளி, ஒரு வேலி, வேலி முடிவில் ஒரு மரப் பரண். அவ்வளவுதான். மகள் அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சின்ன வயதில் சைக்கிள் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவளின் அதே பார்வை.

நவம்பர் மாதம் பிறந்தால் இங்கே ஐந்து மணிக்கே இருட்டு. நரி வருவது அந்த இருட்டில்தான். முதல் இரண்டு தரம் மகள் தனியே போய்ப் பரணில் இருந்தாள். நரி வந்த சத்தம் கேட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. வாத்துகள் கத்தின. அவள் வெறும் கையோடு வந்தாள்.

நான் ஒரு முடிவு எடுத்தேன். அவளுக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுப்பேன்.

எனக்கு வேலை துறைமுகப் பக்கத்தில், குளிர்க் கிடங்கில். மீன் பெட்டிகளை அடுக்குவது. இடைவேளையில் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் நரி மாதிரி ஒரு மிருகத்தை இரவில் சுடுகிறார்கள். துவக்கின் குழலுக்கு மேலே ஒரு விளக்குப் பூட்டியிருக்கிறது. துவக்குத் திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்புகிறது. நல்ல யோசனை. இப்படிப் பல விளக்குகளைப் பார்த்தேன். நீட்டு விளக்கு, கட்டை விளக்கு, சிவப்பு, பச்சை. இரண்டு கிழமை பார்த்து ஒன்றைத் தெரிவு செய்தேன். அதன் படத்தை எடுத்துக்கொண்டு ஹம்பேர்க்கில் ஒரு வேட்டைக் கடைக்குப் போனேன். மகளுக்குச் சொல்லவில்லை.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர். நான் வேலை உடுப்போடு போயிருந்தேன். மீன் மணம் இருந்திருக்கும். படத்தைக் காட்டினேன்.

"ஆருக்கு?"

"மகளுக்கு."

"மகளுக்கு லைசென்ஸ்?"

"இருக்கு."

அவர் படத்தைத் திருப்பித் தந்தார். "இது அமெரிக்காவில. இஞ்ச லைற்றைத் துவக்கில பூட்டேலாது. பூட்டினா லைசென்ஸ் போயிடும், துவக்கும் போயிடும். உம்மட மகள் சோதினைக்கு இதைப் படிச்சிருப்பாவே."

"அப்ப இருட்டில எப்பிடிச் சுடுறது?"

"கையில பிடிக்கலாம். எங்கட மாநிலத்தில நரிக்கும் பன்றிக்கும் அதுக்கு விடுகினம்."

"துவக்குக்கு ரெண்டு கை வேணும். லைற்றை எந்தக் கையால பிடிக்கிறது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்னேரங்களில உமக்கு என்ன வேலை?"

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நாட்டின் சட்டப்படி துவக்கில் விளக்குப் பூட்டக்கூடாது. அதனால் என்னில் பூட்டினார்கள்.

அவர் மூன்று கைவிளக்குகளை மேசையில் வைத்தார். நான் பெரியதை எடுத்தேன்.

"அது பெரிசு," என்றார்.

"பெரிசுதான் வேணும்."

மீசைக்குள் ஏதோ சொன்னார். பொதி செய்து தந்தார்.

வீட்டில் மகள் பொதியைத் திறந்தாள். விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உதென்ன, கப்பலுக்கு வழி காட்டுறதோ?"

"நரிக்கு."

"ஆர் பிடிக்கிறது?"

"நான்."

அவள் விளக்கை மேசையில் வைத்தாள். கட்டிப் பிடித்தாள். அவள் கடைசியாக எப்போது அப்படிச் செய்தாள் என்று எனக்கு நினைவில்லை. விளக்கு வாங்கியது சரி என்று தெரிந்தது.

பிறகு நாள் பார்த்தோம். மகள் வேலை செய்கிற இடம் புதனும் வெள்ளியும் மத்தியானத்தோடு பூட்டும். எனக்குப் புதன் பின்னேர வேலை. வெள்ளி காலை வேலை. ஆகவே வெள்ளி.

என் மனைவி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். துருவுவதை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமையோ? வெள்ளிக்கிழமை ஆரும் உயிர் எடுக்கப் போவினமோ?"

"வேற நாள் இல்லை அம்மா."

"நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத நாள். விளக்கு வைக்கிற நாள்."

"நாங்களும் விளக்குத்தான் கொண்டு போறம்," என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. திரும்பத் துருவத் தொடங்கினாள். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் விட்டால் சரி என்று பொருள் இல்லை. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். பரணில் இருமக்கூடாது. என் குளிர்க் கிடங்கு ஜக்கெற் சரசரக்கும், அது வேண்டாம். எங்கோ பழைய பச்சைக் கம்பளி ஜக்கெற் ஒன்று வாங்கி வந்தாள். சவர்க்காரம் போட்டுக் குளிக்கக்கூடாது. மணக்கிற எண்ணெய் கூடாது.

"நரிக்குக் கண்ணை விட மூக்குத்தான் அப்பா. ஒரு சின்ன மணம் பிடிச்சாலும் திரும்பிப் பாக்காமல் போயிடும்."

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாத்திரம் துடைத்தாள்.

முதல் வெள்ளி பனிமூட்டம். பரணில் இருவரும் நெருங்கி இருந்தோம். ஆற்றுப் பக்கம் ஒரு அசைவு. மகள் என் முழங்கையைத் தொட்டாள். அதுதான் எங்கள் சைகை. நான் விளக்கைப் போட்டேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பியது. பனியில் பட்ட வெளிச்சம் முழுக்க எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. புல்வெளியும் இல்லை, நரியும் இல்லை. வாத்துகள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கத்தத் தொடங்கின. கமக்காரர் வீட்டு யன்னல் திறந்தது.

"நிப்பாட்டுங்கோ அப்பா, நிப்பாட்டுங்கோ!"

எனக்கு விளக்கை நிறுத்தும் ஆளி எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. விளக்கை ஜக்கெற்றுக்குள் செருகினேன். உள்ளே இருந்தும் வெளிச்சம் வந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரண் ஆடியது. அந்த வெள்ளி அப்படிப் போனது.

விளக்கைத் திருப்பிக் கொண்டுபோனேன். மீசைக்காரர் அதை வாங்கி உள்ளே வைத்தார். அந்த மூன்றில் நடுத்தரமானதை எடுத்துத் தந்தார். அதற்கு மூன்று தலை. வெள்ளை, சிவப்பு, பச்சை. திருகிக் கழற்றி மாற்றலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வளையம்.

"வெள்ளையில எல்லாம் தெரியும். நரிக்கும் தெரியும். சிவப்பு நரியின்ர கண்ணுக்கு அவ்வளவாப் படாது, ஆனா உமக்கும் தூரம் தெரியாது. பச்சை நடுவில."

"எது நல்லது?"

"ஒவ்வொருத்தன் ஒவ்வொண்டு சொல்லுவான். பாத்துத்தான் எடுக்கவேணும். ஒண்டு மட்டும் கேளும். நேர நரியில அடிக்காதையும். வானத்தில போட்டு மெல்ல இறக்கும். வெளிச்சத்தின்ர விளிம்பு மட்டும் அதில படவேணும்."

வீட்டுச் சுவரில் பழகினேன். கூரையில் தொடங்கி, மெல்ல இறக்கி, சோபாவின் விளிம்பில் நிறுத்துவேன். மனைவி சோபாவில் இருந்து ரிவி பார்ப்பாள்.

"என்னைச் சுடப் போறியளோ?"

"இல்லை. பழகிறன்."

"தள்ளி நிண்டு பழகுங்கோ."

இரண்டாம் வெள்ளி வெள்ளைத் தலை. நரி வேலியோரமாக வந்தது. பாதி வழியில் நின்றது. நான் விளக்கை இறக்க முதல் காணாமல் போய்விட்டது. வெள்ளை கூடாது என்று முடிவெடுத்தோம்.

மூன்றாம் வெள்ளி சிவப்பு. நரி வந்தது, நின்றது, தலையைத் தூக்கியது. போய்விட்டது. சிவப்பும் கூடாது.

அந்தக் கிழமை இன்னும் ஒரு வாத்துப் போனது. கமக்காரர் மகளுக்கு ஒரு படம் அனுப்பினார். புல்லில் கிடந்த இறகுகள். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் மகளுக்குக் கஷ்டம். சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தாள். மருமகன் காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனானாம். இதை அவள் எனக்கு மட்டும் சொன்னாள். காணி கை மாறும் என்ற கதையை நாங்கள் இருவரும் மனைவிக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் நானும் மகளும் எதையும் கடைசியில்தான் சொல்லுவோம்.

நாலாம் வெள்ளி பச்சை. நல்ல தெளிந்த இருட்டு. பனி இல்லை. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து மெல்ல வந்தது. வேறு பரண் இல்லை, அதனால் அதிலேயே இருந்தோம். நரி வந்தது. மகள் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் தொலைநோக்கியை இறக்கினாள்.

"போயிட்டுது."

"நான் இன்னும் லைற்றே போடேல்லையே."

"ஓம் அப்பா. நீங்கள் போட முந்தியே திரும்பிற்றுது. மூக்கை இப்பிடித் தூக்கினது, பிறகு ஓடினது."

இருவரும் யோசித்தோம். வெளிச்சமே போடாமல் நரி ஓடினால் விளக்கில் பிழை இல்லை. அப்படியென்றால் மூன்று தலையையும் வீணாகக் குறை சொல்லியிருக்கிறோம்.

கீழே இறங்கினோம். கமக்காரர் ஏணியடியில் நின்றார். கையில் ஒரு நீண்ட வெள்ளை இறகு.

"இன்னொண்டு," என்றார். "நேற்று."

மகள் தலை குனிந்தாள்.

"இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு பிள்ளை."

அவர் எனக்குக் கிட்ட வந்தார். நின்றார். மூக்கைச் சுருக்கினார். என் தோளில் குனிந்து மணந்து பார்த்தார். இந்த நாட்டில் ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையை அப்படி மணந்து பார்ப்பதை நான் அன்றுதான் கண்டேன்.

"நீ கத்தோலிக்கனோ?"

"இல்லை. சைவம்."

"கத்தோலிக்கக் கோயில் மாதிரி மணக்கிறாய்."

மகள் என் ஜக்கெற்றில் மூக்கை வைத்தாள். பிறகு தன்னுடைய ஜக்கெற்றின் கையில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

"அம்மா!" என்றாள்.

சாம்பிராணி. வெள்ளிக்கிழமை என் மனைவி வீட்டுக்குச் சாம்பிராணி காட்டுவாள். கூரையில் உள்ள புகை மணி கத்தாமல் இருக்க அதற்குக் குளிக்கிற தொப்பி ஒன்றைப் போட்டுவிடுவாள். கரியை அடுப்பில் சிவக்க வைத்து, தூளைப் போட்டு, அறை அறையாகக் கொண்டு போவாள். அந்த மணத்தில் நாங்கள் ஊறினவர்கள். இல்லாவிட்டால்தான் எங்களுக்குத் தெரியும். இருந்தால் தெரியாது.

மகள் காரை வேகமாக ஓட்டினாள். வீட்டுக்குள் போய் ஜக்கெற்றைக் கழற்றாமலே நின்றாள். மனைவி தோசை சுட்டுக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, ஜக்கெற்றுக்குச் சாம்பிராணி காட்டினீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை எல்லாத்துக்கும் காட்டுறதுதானே."

"பின்னேரம்தானே காட்டுறனீங்கள். இப்ப நாங்கள் வெளிக்கிட முந்தி ஏன் காட்டுறீங்கள்?"

தோசையைத் திருப்பினாள். "சாமியறைக் கதவில கொளுவி, கீழ சட்டியை வைச்சனான். வடிவாப் பிடிக்கட்டும் எண்டு."

"நான் நரியின்ர மூக்கைப் பற்றிச் சொல்லேக்க நீங்கள் நிண்டனீங்கள்தானே?"

"நிண்டனான். அதாலதான் காட்டினனான்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அம்மா, அந்த நரியை எடுக்காட்டி எனக்குக் காணி இல்லை. கிறிஸ்மஸோட அவற்ர மருமகனுக்குப் போயிடும்."

மனைவி அடுப்பை நிறுத்தினாள். கரண்டியை வைத்தாள். "இது எனக்கு ஆர் சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்பனும் மகளும் வாய்க்குள்ள என்னத்தை வைச்சிருக்கிறியள்? நான் நரி பிழைச்சுப் போகட்டும் எண்டு செய்யேல்லை. வெள்ளிக்கிழமை சாக வேண்டாம் எண்டுதான் செய்தனான். புதன்கிழமை செத்தா எனக்கென்ன?"

மகளுக்குக் கோபம் வரவேண்டிய நேரம். அவள் வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது. சுவரில் சாய்ந்து சிரித்தாள். என் மனைவியும் கொஞ்சம் சிரித்தாள். நான் தோசையை எடுத்தேன். ஒரு பக்கம் கருகியிருந்தது. நல்லாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மகள் கமக்காரருக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வீட்டில் உயிர் எடுப்பதில்லை, இனிப் புதன் வருகிறோம் என்று. 

"இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார். "எனக்கு ஞாயிறு. உன்ர அம்மாவுக்கு வெள்ளி. இதில என்ன கிடக்கு?"

மிச்சம் இருந்தது என் வேலை. புதன் பின்னேர வேலையைக் காலைக்கு மாற்ற வேண்டும். நான் அந்தக் கிடங்கில் ஒன்றும் கேட்டுப் பழகாதவன். மேற்பார்வையாளர் ஒரு துருக்கிக்காரர். அவருடைய அறைக் கதவில் தட்டினேன். அவர் பயந்துவிட்டார்.

"என்ன, வருத்தமோ?"

"இல்லை. ரெண்டு புதனுக்குக் காலை வேலை வேணும்."

"ஆஸ்பத்திரியில ஏதாவது நேரம் குறிச்சிருக்கோ?"

"இல்லை. நரிக்கு லைற் பிடிக்கவேணும்."

அவர் பேனையை வைத்தார். முழுக் கதையும் கேட்டார். ஒரு பெட்டியும் நகராமல் நின்றது. பிறகு மாற்றித் தந்தார். அன்றிலிருந்து கிடங்கில் என்னைக் கண்டால் எல்லாரும் கையைத் தூக்கி விளக்குப் பிடிப்பது போல் காட்டினார்கள். எனக்கு அது பிடித்தது. யாருக்கும் சொல்லவில்லை.

முதல் புதன் மழை. நரி வரவில்லை. மிஞ்சியது கிறிஸ்மஸுக்கு முந்தின கடைசிப் புதன்.

ஜக்கெற்றுகளை மனைவி தோட்டத்துக் கொடியில் நாள் கணக்காகத் தொங்கவிட்டாள். உறைபனியில் அவை பலகை மாதிரி விறைத்து நின்றன. புறப்படும் நேரம் ஒரு தடியால் தூக்கிக்கொண்டு வந்து எங்களிடம் தந்தாள்.

"என்ர கை மணம் படாமல் தாறன். மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தோம். பனி மணம் மட்டும்.

"போயிட்டு வாங்கோ," என்றாள். வாசலில் நின்று பார்த்தாள். வழக்கமாக அவள் வாசலுக்கு வருவதில்லை.

பரணில் மகள் கிசுகிசுத்தாள். "என்ன தலை பூட்டினனீங்கள்?"

"சிவப்பு."

"ஏன் பச்சை இல்லை?"

"பச்சையில உன்ர முகம் பேய் மாதிரித் தெரியுது."

அவள் தோள் குலுங்கியது. பிறகு இருவரும் அசையாமல் இருந்தோம். குளிர் எனக்குப் புதிதில்லை. நாள் முழுக்க அதற்குள் நிற்கிறவன். மகளுடைய மூச்சு எனக்குப் பக்கத்தில் கேட்டது. சின்னவளாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பக்கத்தில் படுத்து அவள் மூச்சை எண்ணாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முழங்கையில் தொடுகை.

வானத்தில் போட்டேன். மெல்ல இறக்கினேன். சிவப்பு விளிம்பு வேலியில் இறங்கியது. அங்கே இரண்டு கண் மின்னியது.

"சுடு," என்றேன்.

"இல்லை."

"சுடு பிள்ளை, போகப் போகுது."

"பூனை அப்பா."

கண்கள் நடந்து வந்தன. பூனைதான். கமக்காரரின் கொழுத்த பூனை. வாலை நிமிர்த்திக்கொண்டு எங்கள் பரணுக்குக் கீழால் போனது. நான் விளக்கை நிறுத்தினேன். நான் தனியே வந்திருந்தால் அன்று ஒரு பூனை செத்திருக்கும், காணியும் போயிருக்கும். மகள் என் கையைத் தட்டினாள். "விளக்குப் பிடிக்கிற ஆள் உத்தரவு போடக்கூடாது," என்றாள்.

கனநேரம் ஒன்றும் இல்லை. வாத்துகள் தங்களுக்குள் முணுமுணுத்தன. பிறகு அவை நிறுத்தின.

முழங்கையில் தொடுகை. இந்த முறை கொஞ்சம் இறுக்கமாக.

வானம். மெல்ல. வேலி. விளிம்பை நிறுத்தினேன். நரி நின்றது. சிவப்பில் அது கறுப்பாகத் தெரிந்தது. நீண்ட வால். மூக்கைத் தூக்கியது. நான் மூச்சை விடவில்லை. அது மூக்கை இறக்கிவிட்டு இன்னும் நாலு அடி வந்தது. பக்கவாட்டில் திரும்பியது.

வெடி.

என் காது அடைத்தது. விளக்கு அசையவில்லை. அதை மட்டும் நான் பெருமையாகச் சொல்லுவேன். வெளிச்சத்தின் விளிம்பில் நரி கிடந்தது. துடிக்கவில்லை.

மகள் துவக்கை வெறுமையாக்கி வைத்தாள்.  "நோகேல்லை அதுக்கு," என்றாள். எனக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா தெரியாது.

"இல்லை," என்றேன்.

கமக்காரர் வெடி கேட்டு வந்தார். நரியைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். தொப்பியைக் கழற்றி மகளுக்குக் கை கொடுத்தார். வேட்டைக்காரர் சொல்லும் வாழ்த்தைச் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கொப்பு முறித்தார். இங்கே வேட்டையில் வென்றவருக்கு அப்படிக் கொப்புக் கொடுப்பார்கள், தொப்பியில் செருகிக்கொள்ள.

"நரிக்கு நான் வழக்கமாக் குடுக்கிறேல்லை. இண்டைக்குக் குடுக்கிறன்."

மகள் வாங்கினாள்.

"நாய் வந்து மிருகத்தைத் தேடிக் குடுத்தா, நாய்க்காரனுக்குப் பாதி முறிச்சுக் குடுக்கிறது முறை. உன்னட்ட நாய் இல்லை." என்னைக் காட்டினார். "லைற்றுக்குக் குடு."

மகள் கொப்பைப் பாதியாக முறித்தாள். என் கம்பளித் தொப்பியில் செருகினாள். பசுமையாக மணத்தது. நான் தொப்பியைத் தலையில் நேராக்கினேன். 

அவர் எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார். சமையலறை மேசையில் ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். எழுதினார். ஆற்றங்கரை, புல்வெளி, வேலி, பரண், வருகிற வருடங்கள். மகள் நின்றுகொண்டே வாசித்தாள். மடித்தாள். திரும்ப விரித்து வாசித்தாள்.

"பிழை ஏதும் இருக்கோ?" என்றார்.

"இல்லை," என்றாள். "இன்னொருக்கா வாசிக்கிறன்."

காரை அவள்தான் ஓட்டினாள். ஊர் எல்லை வரைக்கும் மெதுவாகப் போனாள். தாண்டியதும் ஹோர்னை அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். ரோட்டில் எங்களைத் தவிர ஒரு கார் இல்லை.

"அடியாத பிள்ளை, சனம் படுக்கிற நேரம்."

"ஏழு மணிகூட ஆகேல்லை அப்பா!"

"சரி. அப்ப அடி."

அடித்தாள். நானும் கை நீட்டி ஒருக்கா அடித்தேன்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அம்மா, கிடைச்சிட்டுது!"

"என்னது? நரியோ, காணியோ?"

"ரெண்டும்!"

அந்தப் பக்கத்தில் அவள் யாருக்கோ நன்றி சொல்வது கேட்டது. சாமிக்காகத்தான் இருக்கும். பிறகு குரல் வழமைக்கு வந்தது.

"அப்ப ரெண்டு பேரும் முன் கதவால வரக்கூடாது. செத்ததைத் தொட்டிருக்கிறியள். பின்பக்கத்தால வந்து நேர குளியுங்கோ. தண்ணி சுட வைக்கிறன். இண்டைக்குச் சவுக்காரம் போடலாம்."